கொலையாளியைக் காட்டிக்கொடுக்காமல் கருத்து எழுதுவது: இருவர் துப்பறியும் சரித்திர நாவலுக்கு ஒரு வழிகாட்டி

“விறுவிறுப்பாகப் போகிறது. அந்தக் காலத்தைக் கண்முன் நிறுத்திவிட்டார். இருவருடைய நட்பும் அருமை. முடிவு யாருமே எதிர்பாராதது.”

சரித்திரத் துப்பறியும் நாவல் எதுவானாலும் அதற்கு இந்த நான்கு வரியை ஒட்டிவிடலாம், ஒட்டியும் விடுகிறார்கள். படித்து முடித்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. படிக்கப்போகிறவருக்கோ நான்காவது வரியால் நஷ்டம்தான். ‘யாருமே எதிர்பாராதது’ என்று கேள்விப்பட்டவர், முதல் அத்தியாயத்திலிருந்தே சாதுவாக வந்துபோகிற ஆளை முறைத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த வகை நாவலில் மூன்று சமாசாரங்கள் சேர்ந்து ஓடுகின்றன: குற்றத்தின் முடிச்சு, கதை நடக்கும் காலம், துப்பறியும் ஜோடி. மூன்றுக்கும் தனித்தனியே மார்க் போட்டுவிட்டு முடித்துக்கொள்வது வழக்கம். அது அரை வேலை. மூன்றும் ஒன்றையொன்று எங்கே பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று கண்டுபிடித்துச் சொன்னால்தான் கருத்து அந்த ஒரு நாவலைப் பற்றியதாக இருக்கும். அதற்கு இரண்டு கேள்விகள் போதும். இதே குற்றத்தை அப்படியே இன்றைய நகரத்துக்குத் தூக்கிவந்தால் நடக்குமா? ஜோடியில் ஒருவரை எடுத்துவிட்டால் குற்றம் துலங்குமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால், காலமும் துணையும் வெறும் மேடை அலங்காரம்.

படிக்கும்போதே குறிப்பு

இந்த இரண்டு கேள்விக்கும் புத்தகத்தை மூடிய பிறகு ஞாபகத்திலிருந்து பதில் தேடினால் ஏமாந்துபோவோம். விடை தெரிந்த மனது, ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று நம்மிடமே பொய் சொல்லும். அதனால் படிக்கும்போதே ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்க எண், என்ன தெரியவந்தது, ஜோடியில் யார் கண்டுபிடித்தார், அதை நேரில் பார்த்தார்களா அல்லது யாரோ சொல்லிக் கேட்டார்களா. கடைசிப் பத்தியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். துப்பறியும் கதையில் ஏமாற்று வேலை நடப்பது பெரும்பாலும் அங்கேதான்: ஒரு பாத்திரம் சொன்னதை நாம் நடந்ததாகவே எடுத்துக்கொண்டிருப்போம்.

முந்நூறு பக்க நாவலுக்கு இருபதிலிருந்து முப்பது குறிப்புகள் தாராளம். அறுபதைத் தாண்டினால் நீங்கள் கதையைப் படிக்கவில்லை, கணக்கு எழுதுகிறீர்கள். மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்க எண்ணும் மாறிவிடும்; அத்தியாய எண்ணையும் சதவீதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிநூல் என்றால் மணி, நிமிடம். ஒலிநூலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெயர்களின் எழுத்து தெரியாது. எழுதுவதற்கு முன் அச்சுப் பதிப்பின் மாதிரிப் பக்கங்களில் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளாவிட்டால் கதாநாயகரின் பெயரே தப்பாகப் போய்விடும்.

கால் பங்கு, பாதி, முக்கால் பங்கு என்று மூன்று இடத்தில் நிறுத்தி, யார்மேல் சந்தேகம், ஏன் என்று ஒரே வரி எழுதுங்கள். விளக்க அத்தியாயம், அதாவது எல்லோரையும் ஒரே அறையில் கூட்டிவைத்து முடிச்சை அவிழ்க்கும் இடம், அதற்கு முன் நான்காவது நிறுத்தம். இங்கே பத்து நிமிடமாவது புத்தகத்தைக் கவிழ்த்து வையுங்கள். கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு வரிதான் பின்னால் உங்கள் கருத்துக்குச் சாட்சி.

முடித்ததும் இரண்டாவது சுற்று. முழுப் புத்தகத்தையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. விளக்க அத்தியாயத்தில் துப்பறிபவர் எந்தெந்தத் தகவலின் மேல் தன் முடிவைக் கட்டுகிறார் என்று எண்ணுங்கள். பொதுவாக ஐந்திலிருந்து எட்டு இருக்கும். ஒவ்வொன்றும் முன்னால் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடுங்கள். ஏழில் ஆறு முன்பே கண்ணில் பட்டிருந்தால் ஆட்டம் நியாயமானது. ஏழில் மூன்றுதான் என்றால், மிச்சம் நான்கையும் கடைசியில் சட்டைப்பையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இதைத் தயங்காமல் எழுதலாம். இங்கே எண்ணிக்கையைவிட முக்கியமானது எந்தத் தகவல் விட்டுப்போனது என்பது. அலங்காரத் தகவல் ஒன்று முன்னால் வராமல் போனால் குற்றமில்லை. குற்றவாளியை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிற ஒரே தகவல் கடைசி அத்தியாயத்தில் முதல்முறையாக வந்தால் மற்ற ஆறும் இருந்து பயனில்லை.

ஒரு கற்பனை நாவல், கிட்டத்தில்

விளக்கத்துக்காக இல்லாத நாவல் ஒன்றை வைத்துக்கொள்வோம். 1751 மே மாதம், லண்டன். வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒருவர் இறந்துகிடக்கிறார். துப்புத் துலக்குபவர்கள் இருவர்: மருந்துக்கடை நடத்தும் லண்டன் விதவை, ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து பிழைக்க வந்த வக்கீல் குமாஸ்தா. இறந்தவரின் பெட்டியில் இருந்த கடன் பத்திரங்களைக் குமாஸ்தா ஒரு பட்டியலாக எழுதிவந்து விதவையிடம் கொடுக்கிறார். ஒரு பத்திரத்தில் கடன் வாங்கியவர் பெயர் நீர்பட்டு அழிந்திருக்கிறது. தேதி மட்டும் தெளிவாக இருக்கிறது, ‘1750 பிப்ரவரி 10’. பதினைந்து மாதப் பழைய கடன் என்று குமாஸ்தா பட்டியலில் எழுதுகிறார். போன கிறிஸ்துமஸுக்குத்தான் லண்டனில் கால் வைத்த ஒரு வியாபாரி, இந்தக் கணக்கில் சந்தேகத்திலிருந்து தப்பிவிடுகிறார்.

இங்கிலாந்தில் 1752-ல் நாள்காட்டி திருத்தப்படும்வரை சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். ஆகவே லண்டனில் எழுதப்பட்ட ‘1750 பிப்ரவரி’ என்பது நம் கணக்கில் 1751 பிப்ரவரி. கடனுக்கு வயது மூன்றே மாதம். ஸ்காட்லாந்திலோ 1600-லிருந்தே ஜனவரி 1-தான் வருஷப் பிறப்பு. பிறந்த ஊர்க் கணக்கில் பழகிய குமாஸ்தாவின் கண் அவரை ஏமாற்றிவிட்டது. விதவை பத்திரத்தைப் பார்க்கவே இல்லை, பட்டியலைத்தான் பார்த்தார். இருநூறாவது பக்கத்தில் மூலப் பத்திரம் விதவையின் கைக்கு வந்ததும் வியாபாரி மறுபடி வலைக்குள் வருகிறார்.

முதலில் கேட்ட இரண்டு கேள்வியையும் இதில் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு மாற்றினால் முடிச்சே கிடையாது. குமாஸ்தா இல்லையென்றால் தவறு நடக்காது. விதவை இல்லையென்றால் தவறு வெளியே வராது. காலம், ஜோடி, முடிச்சு மூன்றும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. நியாயம் எப்படி? முப்பத்தெட்டாம் பக்கத்தில் விதவை மார்ச் 25-ல் புதுக் கணக்கு தொடங்குகிற காட்சி இருந்து, குமாஸ்தாவின் ஊர் அதற்கு முன்பே சொல்லப்பட்டு, அறுபத்தொன்றாம் பக்கத்தில் பத்திரத்தின் தேதி அப்படியே அச்சாகியிருந்தால் வாசகருக்குக் குறை சொல்ல இடமில்லை. கணக்கு தொடங்குகிற காட்சி மட்டும் இல்லாமல் போனால், சரித்திரம் தெரிந்தவருக்கு எளிதான, தெரியாதவருக்கு நடக்காத புதிர். வாசகர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய அறிவின்மேல் முடிச்சு நிற்கக் கூடாது. காலத்தைப் பற்றிய எந்த விதி தீர்வுக்குத் தேவையோ அது கதைக்குள்ளேயே, தீர்வு வருவதற்கு முன்பே, ஏதாவது ஒரு சாதாரண வேலையாக நடந்திருக்க வேண்டும். சரித்திர நாவலை மற்றத் துப்பறியும் கதையிலிருந்து பிரிக்கிற பரீட்சை இதுதான். எழுதுகிறவர்கள் இதைச் சோதிப்பதே அபூர்வம்.

காலப் பிழை: எதை முதலில் பார்ப்பது

காலப் பிழை என்றவுடன் உடை, சாப்பாடு, பாத்திரம் பண்டம் என்று தேடத் தொடங்குகிறோம். கொலம்பஸின் 1492 பயணத்துக்கு முந்தைய ஐரோப்பியச் சமையலறையில் தக்காளியும் உருளைக்கிழங்கும் இருந்தால் பிழைதான். ஆனாலும் அது ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற சங்கதி; அதனால் கதை சாய்வதில்லை. கதையைச் சாய்ப்பவை வேறு.

முதலில் அதிகாரம். இந்த இருவருக்கும் கேள்வி கேட்கும் உரிமையை யார் கொடுத்தது? லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் உருவானது 1829-ல், அதற்குள் துப்பறியும் பிரிவு வந்தது 1842-ல். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குற்றவாளியைக் கோர்ட்டுக்கு இழுக்கும் பொறுப்பும் செலவும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் தலையில்தான். அப்படிப்பட்ட உலகத்தில் ஒரு விதவையும் குமாஸ்தாவும் பிரபு வீட்டுக்குள் நுழைந்து வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்தி விசாரித்தால், ‘ஏன் கதவைச் சாத்தவில்லை?’ என்று கேட்டே ஆக வேண்டும். நல்ல நாவலில் இந்தத் தடைதான் கதையை நகர்த்தும். மோசமான நாவலில் எல்லோரும் கேட்டதும் பதில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது கடிகாரம். ‘அந்த நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன்’ என்கிற அலிபி நேரத்தை நம்பி நிற்கிறது. நேரம் கருவியை நம்பி நிற்கிறது. 1656-ல் டச்சு அறிஞர் ஹைகென்ஸ் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்த பிறகுதான் நிமிட முள்ளுக்கு மரியாதை வந்தது. அதற்கு நூறு வருஷம் முந்தைய கதையில் சமையற்காரர் ‘எட்டு மணி பதினேழு நிமிஷத்துக்கு’ அலறல் கேட்டதாகச் சாட்சி சொன்னால் விசாரணையே சந்தேகத்துக்கு உரியது. கோயில் மணி, காவல் மாறும் நேரம், மெழுகுவர்த்தி எரிந்த அளவு என்று சொன்னால் நம்பலாம். அதிலுள்ள அரை மணி இடறலில்தான் முடிச்சுக்கே இடம் கிடைக்கும். ரயில் வந்த காலம் என்றால் இன்னும் சுவாரசியம். பிரிட்டனில் 1880-ல்தான் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் சட்டமானது. அதற்கு முன் பிரிஸ்டல் நகரத்தின் சொந்த நேரம் லண்டனுக்குப் பத்து நிமிடம் பின்னால். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-லிருந்து லண்டன் நேரத்தில் ஓடியது. ஊர்க் கடிகாரம் ஊர் நேரத்தில் ஓடியது. ரயிலைப் பிடித்துத் தப்பிய கொலையாளி கதையில் இந்தப் பத்து நிமிடத்தை ஆசிரியர் கவனித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

மூன்றாவது தடய அறிவியல். கையில் ஒரு சின்ன அட்டவணை இருந்தால் போதும். ஆர்சனிக் விஷத்தை உறுதியாகக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836. மயக்க மருந்தாகக் குளோரோஃபார்ம் 1847. ரத்தக் கைரேகை கொலையாளியைக் காட்டிக்கொடுத்த அர்ஜென்டினா வழக்கு 1892, கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு 1897, லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் 1901. மனித ரத்தமா விலங்கின் ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனையும் 1901. கதை நடக்கும் வருஷம் இவற்றுக்கு முந்தியது என்றால் அந்தத் தடயம் கதையில் வரக் கூடாது என்று அர்த்தமில்லை. அதை யாரும் நிரூபணமாக ஏற்கக் கூடாது என்று அர்த்தம். வருஷம் பொருந்தினாலும் வேலை செய்யும் விதம் பொருந்த வேண்டும். குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்த மறுநொடியே ஆள் சாய்வதெல்லாம் சினிமா. மயங்கப் பல நிமிடம் பிடிக்கும், அதற்குள் ஆள் திமிறுவார். அதேபோல, உடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் இறந்திருக்கிறார்’ என்று எந்த நூற்றாண்டு வைத்தியர் சொன்னாலும் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். இன்றைய மருத்துவராலும் உடலை மட்டும் வைத்து அவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடியாது.

நான்காவது, பாத்திரங்களின் மனசு. இதைப் பிடிப்பது கஷ்டம். எல்லோரும் தங்கள் காலத்து நம்பிக்கையோடு இருக்க, துப்பறியும் இருவர் மட்டும் இன்றைக்குப் பட்டம் வாங்கியவர்கள் மாதிரி யோசித்தால், ஆசிரியர் அவர்களை நமக்குப் பிடிக்கவைக்கப் பார்க்கிறார் என்று பொருள். அவர்களுடைய தப்பபிப்பிராயம் ஒன்றாவது விசாரணையைத் தடம் புரளச் செய்கிறதா? செய்தால் காலம் உள்ளே இறங்கியிருக்கிறது.

பிழை என்று அறிவிப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. டிஃபனி என்ற பெயர் நேற்று வந்த பெயர்போல ஒலிக்கும். மத்தியகால இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் அது உண்மையாகவே இருந்தது. காதுக்குப் புதுசாகப் படுவதெல்லாம் பிழையல்ல. ‘அந்தக் காலத்தில் இது கிடையாது’ என்று எழுதுவதற்குமுன் கண்டுபிடிப்பின் வருஷத்தையும், கதை நடக்கும் ஊருக்கு அது வந்துசேர்ந்த வருஷத்தையும் தனித்தனியே பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பல பத்தாண்டுகள் இருக்கலாம். ஆசிரியரின் பின்னுரையையும் படித்துவிடுங்கள். வேண்டுமென்றே மாற்றியவற்றை அங்கே பலர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டதைப் பெரிய கண்டுபிடிப்புபோலக் குறை சொன்னால் நமக்குத்தான் அசிங்கம். பின்னுரையை மட்டும் முன்கூட்டியே புரட்டாதீர்கள், முடிச்சு அங்கே சர்வ சாதாரணமாக அவிழ்ந்துகிடக்கும்.

மொழிபெயர்ப்பு என்றால் பழியை யார்மேல் போடுவது என்று யோசித்துப் போடுங்கள். ஆங்கிலத்தில் ‘ஸயன்டிஸ்ட்’ என்ற சொல்லே 1830-களில்தான் பிறந்தது. 1600-ல் நடக்கும் கதையின் தமிழில் ‘விஞ்ஞானி’ என்று வந்தால் மூலத்தில் என்ன இருந்தது என்று பார்க்காமல் ஆசிரியரைத் திட்ட முடியாது.

ஜோடி தேவைதானா

துப்பறியும் கதைக்கு ஜோடி புதிதல்ல. 1841-ல் எட்கர் ஆலன் போ எழுதிய கதையிலேயே துப்பறிபவர் பக்கத்தில் பெயரில்லாத நண்பர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு நமக்குக் கதை சொல்கிறார். அந்த நண்பர் எப்படி இருக்க வேண்டும் என்று 1929-ல் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ், துப்பறியும் கதைக்கென்று வகுத்த தன் பத்து விதிகளில் ஒன்றை ஒதுக்கினார்: மனதில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது, புத்தியும் சராசரி வாசகரைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். இன்றைய நாவல்களில் இருவரும் சமம் என்றே பின்னட்டை சொல்லும். உண்மையா என்று உங்கள் குறிப்புத் தாளின் மூன்றாவது பத்தி சொல்லிவிடும். பதினான்கு துப்பில் பன்னிரண்டை ஒருவரே கண்டுபிடித்திருந்தால் மற்றவர் ஜோடி அல்ல, காது கொடுக்க வந்தவர். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நான்கு துப்புதான் என்றாலும் அந்த நான்கும் மற்றவரால் போக முடியாத இடத்திலிருந்து வந்திருந்தால் அவர் சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறார்.

எங்கே போக முடியும், எங்கே முடியாது என்பதுதான் சரித்திர நாவலில் ஜோடியின் முழுப் பலம். ஆண், பெண், மதம், தொழில், வர்க்கம் என்று ஒவ்வொரு காலத்துக்கும் பூட்டிய கதவுகள் உண்டு. ஒருவருக்குப் பூட்டிய கதவு மற்றவருக்குத் திறக்கும். அடுத்து, இருவரில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது தப்புச் செய்கிறார்களா, அந்தத் தப்புக்கு யாராவது விலை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் எப்போதும் சரி என்றால் சண்டை வந்தாலும் அது பொய்ச் சண்டை.

வசனத்துக்கு ஒரு சோதனை. நாவலின் நடுவிலிருந்து இருவரும் பேசுகிற ஒரு பக்கத்தை எடுத்து, ‘என்றார்’, ‘என்றாள்’ எல்லாவற்றையும் விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். யார் பேசுவது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெயர்தான் இரண்டு, குரல் ஒன்று. இதே பக்கத்தில் இன்னொரு வியாதியும் அடிக்கடி தென்படும்: ‘உனக்குத்தான் தெரியுமே, மன்னர் போன வருஷம் போட்ட சட்டப்படி...’ என்று இருவருக்கும் தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வது. வாசகருக்குச் சரித்திரப் பாடம் நடத்த ஜோடியைக் குழாயாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மூன்று இடம் என்றால் மன்னிக்கலாம். அத்தியாயத்துக்கு ஒன்று என்றால் பக்க எண்ணோடு எழுதுங்கள்.

தமிழில் படிப்பவருக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு: நீ, நீங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் கடந்துபோகிற உறவைத் தமிழில் ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும். விதவையைக் குமாஸ்தா ‘நீங்கள்’ என்கிறார்; விதவை அவரை ‘நீ’ என்கிறாரா, ‘நீர்’ என்கிறாரா? அது எந்த அத்தியாயத்தில் மாறுகிறது? காரணத்தோடு மாறினால் மொழிபெயர்ப்பாளரைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் காரணமில்லாமல் மாறினால் ஜோடியே ஆட்டம் கண்டுவிடும். கருத்து எழுதுபவர்கள் அதிகம் தொடாத இடம் இது.

இருவர் மாறி மாறிக் கதை சொல்லும் நாவலில் நியாயம் பற்றிய வழக்கு ஒன்று அடிக்கடி வரும். ‘அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடினாள்’ என்று அத்தியாயத்தை முடித்துவிட்டு, என்ன புரிந்தது என்பதை எழுபது பக்கம் சொல்லாமல் இருப்பது ஏமாற்றா? பிரித்துப் பாருங்கள். அவள் பார்த்த பொருளை நமக்கும் காட்டிவிட்டு, அதிலிருந்து அவள் எடுத்த முடிவை மட்டும் மறைத்தால் அது ஆட்டத்துக்குள் அடங்கும். பார்த்த பொருளையே மறைத்தால் ஏமாற்று. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னாலே ‘கடைசியில் ஏமாற்றிவிட்டார்’ என்கிற பொதுப் புலம்பல் எடை உள்ள குற்றச்சாட்டாகிவிடும்.

எழுத உட்காரும்போது

ஐந்நூறு சொல் நல்ல அளவு. கதைச் சுருக்கத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். நாவலின் முதல் கால் பகுதிக்கு அப்பால் நடப்பது எதுவும் அதில் வரக் கூடாது. ஊர், வருஷம், ஜோடி யார், என்ன குற்றம், இந்த இருவர் ஏன் தலையிட்டார்கள், அவ்வளவுதான். தீர்ப்பைக் கடைசிவரை ஒளித்துவைக்க வேண்டாம், முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். நாவல்தான் துப்பறியும் கதை, உங்கள் கருத்து அல்ல. ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பு, பக்கம், தொடர் என்றால் எத்தனையாவது புத்தகம் என்பதை மேலே தனி வரியாகக் கொடுத்துவிட்டால் பத்திகளுக்குள் செருக வேண்டியிருக்காது.

முடிச்சைப் பற்றிப் பேசாமலும் முடியாது, அவிழ்க்கவும் கூடாது. அந்தக் கற்பனை நாவலுக்கு ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்:

“கடன் பத்திரத்தின் தேதியில் ஆசிரியர் வைத்திருக்கும் அந்த ட்விஸ்ட் அபாரம். கடைசிவரை யூகிக்கவே முடியவில்லை!”

‘தேதி’ என்ற ஒரே சொல்லில் நாவல் போயிற்று. இனி படிப்பவர் ஒவ்வொரு தேதியையும் அடிக்கோடிடுவார். இதையே இப்படி மாற்றலாம்:

“ஜோடியில் ஒருவருக்குப் பழக்கத்தில் ஊறிய ஒன்று மற்றவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் குற்றவாளி பாதி நாவலைக் கழிக்கிறார். தேவையான துப்புகள் முதல் எழுபது பக்கத்துக்குள் வெளிச்சத்தில்தான் கிடக்கின்றன, பார்த்தும் கடந்துபோய்விடுகிறோம்.”

துப்பு எங்கே இருக்கிறது என்று பக்க அளவில் சொல்லியாயிற்று, நியாயமான ஆட்டம் என்றும் சொல்லியாயிற்று, எந்தப் பொருள், எந்த ஆள் என்று சொல்லவில்லை. பொருளின் பெயரை எடுத்துவிட்டு அதன் வேலையை மட்டும் சொல்வதுதான் இதிலுள்ள வித்தை.

முடிச்சை முன்கூட்டியே உடைப்பதைத்தான் ஸ்பாய்லர் என்கிறார்கள். ஸ்பாய்லர் என்று தெரியாமலே செய்கிற ஸ்பாய்லர்கள் வேறு உண்டு. சந்தேக நபர்கள் ஐந்து பேரில் நான்கு பேரை மட்டும் பெயர் சொல்லிவிட்டு ஐந்தாமவரை விடுவது. இரண்டே காட்சியில் வருகிற சின்னப் பாத்திரத்தை ‘மறக்க முடியாதவர்’ என்று புகழ்வது. பிரபலமான வேறொரு நாவலின் பெயரைச் சொல்லி ‘அதை ஞாபகப்படுத்தியது’ என்பது. அதன் விடை எல்லோருக்கும் தெரியும், இதன் விடையும் தெரிந்துவிடும். தொடர் நாவல்களில் இரண்டாம் புத்தகத்தைப் பற்றி எழுதும்போது ‘இப்போது இருவரும் நெருக்கமாகிவிட்டார்கள்’ என்றால், முதல் புத்தகத்தில் துணைவர்மேல் விழுந்த சந்தேகம் செத்தது. கட்டாயம் அவிழ்த்துப் பேச வேண்டிய குறை என்றால் எச்சரிக்கை வரி போட்டு, பல வரி இடம் விட்டு, கடைசியில் எழுதுங்கள். நடுவில் எச்சரித்துவிட்டு அடுத்த வரியிலேயே சொல்வதில் பயனில்லை, கண் தானாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும்.

ஸ்டார் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் கொடுங்கள். எதற்காக ஒரு ஸ்டாரைக் குறைத்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

பல பேர் கருத்தைத் திரட்டும்போது

வாசகர் வட்டமாகச் சேர்ந்து ஒரே நாவலைப் படித்தால் முதல் விதி, பேசுவதற்கு முன் எழுதி வாங்குவது. முதலில் வாய் திறப்பவர் உரக்கப் பேசுகிறவராக இருந்தால் மற்ற ஒன்பது பேரும் அவர் கருத்தைச் சுற்றித்தான் பேசுவார்கள். நான்கு நிறுத்தங்களிலும் ஒவ்வொருவரும் யாரைச் சந்தேகித்தார் என்ற சீட்டு போதும். பத்துப் பேரில் எட்டுப் பேர் பாதியிலேயே சரியாகச் சொல்லியிருந்தால் துப்பு கத்துகிறது. ஒருவர்கூடச் சொல்லவில்லை, விளக்கம் கேட்டபிறகும் துப்பு எந்தப் பக்கம் என்று யாராலும் காட்ட முடியவில்லை என்றால் மறைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று பேர் பிடித்து, மீதிப் பேர் ‘அட, இது கண்ணில் பட்டதே’ என்று தலையில் அடித்துக்கொண்டால் ஆசிரியர் ஜெயித்தார்.

‘மெதுவாகப் போகிறது’ என்கிற குறை எல்லாக் கூட்டத்திலும் வரும். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று கேளுங்கள். வர்ணனை நீளமா, ஒரே கேள்வியை ஐந்து சாட்சியிடம் கேட்கிறார்களா, ஜோடியின் சொந்தக் கதை நடுவில் புகுந்ததா என்று அப்போதுதான் பிரியும். மூன்றும் வேறு வேறு வியாதி. ஒருவர் சலித்த அதே இருபது பக்கம் இன்னொருவருக்கு நாவலின் உயிராக இருந்தால் சராசரி எடுத்து மழுப்ப வேண்டாம். இரண்டையும், யார் எதைத் தேடி வந்தவர் என்ற குறிப்போடு, அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வெளியிடும் முன் கடைசியாக ஒரு சோதனை. நாவலைப் படிக்காத ஒருவரிடம் உங்கள் கருத்தைக் கொடுத்து, ‘கொலை செய்தது யார்?’ என்று கேளுங்கள். திணறினால் அனுப்பிவிடலாம். சரியாகச் சொல்லிவிட்டால் எந்த வரி காட்டிக்கொடுத்தது என்று அவரையே கேட்டு, அந்த வரியை எடுத்துவிட்டு, வேறொருவரிடம் கொடுங்கள்.